கேட்டால் சொல்வார்கள்: புனே நகரத்தின் பதிவில்லா மனச்சோர்வு

ஒரு நோய் ஓர் ஊரில் எவ்வளவு பரவியுள்ளது என்பதை அறிய வேண்டுமாயின், நாம் வழக்கமாக மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டுகிறோம். காய்ச்சல், காசம் முதலிய நோய்களைப் பொறுத்தவரை இம்முறை ஓரளவு பொருந்தும். காய்ச்சல் கண்டவன் தானே வைத்தியரை நாடி வருகிறான்; இருமலைப் பிறரும் கேட்கின்றனர். மனச்சோர்வு நோயின் தன்மையோ வேறு. இந்நோயைப் பற்றிய பதிவேடு நமக்குக் காட்டுவது நோயின் அளவையன்று. நாம் கேட்ட கேள்விகளின் அளவையே ஆகும். கேட்காத இடத்தில் ஏடு வெறுமையாக இருக்கும். அவ்வெறுமையை ஆரோக்கியம் என்று கொள்வது பெரும் பிழை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இப்பிழை, வெளியூரிலிருந்து பிழைக்க வந்தோர் விஷயத்திலும் நேர்கிறது. தலைமுறைகளாக ஓரிடத்தில் வாழும் உள்ளூரார் விஷயத்திலும் நேர்கிறது. ஆயின் இரு சாராரிடத்தும் நோய் மறையும் வழி ஒன்றன்று. இவ்வேற்றுமையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் உணர்ந்தாலன்றி, எவ்வளவு நல்ல திட்டமும் பயன் தராது. புனே நகரத்தை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

வெளியூரார் யார்?

புனே, வந்தோரால் வளர்ந்த நகரம். 1954ஆம் ஆண்டில் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பெற்றது. அதனைத் தொடர்ந்து அப்பகுதியில் மோட்டார் தொழிற்சாலைகள் பெருகின. பின்னர் ஹிஞ்சவடியில் கணினித் தொழில் வளர்ந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி புனே மாநகராட்சியின் மக்கள் தொகை 31 லட்சத்துக்கு மேல். அருகிலுள்ள பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியினது 17 லட்சத்துக்கு மேல். பீகார், உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர், மரத்வாடாவிலிருந்து வந்த குடும்பங்கள், கல்லூரி மாணவர், ஆப்பிரிக்க, மேற்காசிய நாடுகளிலிருந்து படிக்க வந்தோர், அரசாங்கத் தேர்வுக்காகச் சதாசிவ பேட்டையின் சிறு அறைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் படிக்கும் கிராமத்து இளைஞர் எனப் பலரும் இம்மக்கள் தொகையில் அடங்குவர்.

கட்கிப் பாசறைப் பகுதியிலும் ராஸ்தா பேட்டையிலும் தலைமுறைகளாக வாழ்ந்து வரும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவற்றின் இளைஞர் மராத்தியைத் தாய்மொழி போலவே பேசுவர். அவர்களை வெளியூரார் என்பது பொருந்தாது. ஆனால் பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக அழைத்து வரப்பட்டு, அடுக்குமாடிக் கட்டடத்தின் எட்டாம் தளத்தில் பகல் முழுதும் பேச்சுத் துணையின்றி இருக்கும் மூதாட்டி, எவ்வாறு நோக்கினும் வெளியூராரே.

இந்தியாவில் இடம்பெயர்ந்தோரென 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டும் தொகை ஏறத்தாழ 45 கோடி. இவர்களுள் மிகப் பலர் தம் மாநிலத்துக்குள்ளேயே இடம் மாறியவர்கள். பெண்கள் இடம்பெயர்வதற்கு முதற்பெருங் காரணம் தொழிலன்று, திருமணம். ஆகவே நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் குடிபெயர்ந்தோர், தலையில் மூட்டையுடன் ரயிலிலிருந்து இறங்கும் தொழிலாளி அல்லர். புக்ககம் புகுந்த மணமகளே ஆவர். அவரை நாம் ஏட்டில் உள்ளூரார் என்றே எழுதுகிறோம். வெளியூரார், உள்ளூரார் என்னும் பாகுபாடு பயனுள்ளதே எனினும், அது கதவில் எழுதியிருப்பதன்று என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

நோயின் இயல்பு

துயரம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. உறவினர் இறந்தால் அழுவதும், தேர்வில் தோற்றால் வருந்துவதும் மனித இயல்பு. மனம் தளர்ந்திருத்தல், எதிலும் விருப்பமின்மை ஆகிய இரண்டனுள் ஒன்றேனும், ஏறத்தாழ நாள்தோறும், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, அதனுடன் தூக்கக் கேடு, பசிக் கேடு, களைப்பு, தன்னைத் தானே இழிவாக எண்ணுதல், கவனம் குன்றுதல், சொல்லிலும் செயலிலும் மந்தம் அல்லது அமைதியின்மை, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றுள் பல சேர்ந்து, அன்றாட வாழ்க்கையைக் கெடுக்குமாயின் அதனை நோய் என்று ஐயுற வேண்டும். இரத்தச் சோகை, தைராய்டுச் சுரப்பியின் குறைபாடு முதலியனவும் இத்தகைய தோற்றத்தைத் தரக்கூடும். ஆதலின் நோயை நிர்ணயிப்பது மருத்துவரின் வேலை. ஐயுறுவதும், கேட்பதும், அனுப்புவதும் நம் வேலை.

வெளியூராரிடம் மறையும் வழி

ஒருவர் மாறிவிட்டார் என்று சொல்ல, அவர் முன்னர் எப்படி இருந்தார் என்பதை அறிந்த ஒருவர் வேண்டும். ஊரில் பாடிக்கொண்டே ஏர் ஓட்டியவன், இன்று கட்டடப் பணியிடத்தில் வாய் திறப்பதில்லை என்றால், மேற்பார்வையாளனுக்கு அவன் ஒழுங்கான ஆளாகத் தோன்றுவான். அவனுடைய பழைய முகத்தை அங்கு எவரும் கண்டதில்லை. வெளியூராரின் நோய் மறைவதற்கு முதற்காரணம் இதுவே.

இரண்டாவது காரணம், வேலை நிற்பதில்லை. ஆண்டுதோறும் மழைக்காலம் கழிந்தபின், பீடு முதலிய மாவட்டங்களிலிருந்து கரும்பு வெட்டுவோர் புனே மாவட்டத்து ஆலைப் பகுதிகளுக்கு வருகின்றனர். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கோய்தா', அதாவது ஓர் அரிவாள், என்று எண்ணப்படுகின்றனர். உச்சல் என்னும் முன்பணத்தை முகாதம் என்னும் மேஸ்திரியிடம் பெற்று வந்தவர்கள் அவர்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் தண்டம் பிடிப்பதும் உண்டு. மனம் நோயுற்றாலும் கை அரிவாளை விடுவதில்லை. படுத்துவிட்டவனையே நோயாளி என்று கருதும் வழக்கமுடைய நம் கண்ணுக்கு, நின்றுகொண்டே நோயுற்றிருப்பவள் தென்படுவதில்லை.

மூன்றாவது, மொழி. அங்காடியில் அரிசி வாங்கப் பத்துச் சொற்கள் போதும். மனத்தைச் சொல்ல அவை போதா. 'எதிலும் மனம் ஒட்டவில்லை' என்று தமிழில் சொல்லுகிறோம். மராத்தியில் 'மன் லாகத் நாஹீ' என்றும், ஹிந்தியில் 'மன் நஹீ லக்தா' என்றும் ஏறத்தாழ இதே பொருளில் சொல்லுகின்றனர். அனுபவம் ஒன்றேயாயினும், சொல் அவரவர் வீட்டு மொழியிலன்றி வருவதில்லை. வேற்று மொழியில் கேட்கப்பட்ட தமிழ் மூதாட்டி 'கால் வலி' என்று மட்டும் சொல்லி எழுந்து விடுவார். அவ்வொரு சொல்லைத்தான் அவர் அம்மொழியிற் கற்றிருப்பார்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். குடிபெயர்ந்தோர் யாவரும் மனம் நொந்தவர்கள் என்று எண்ணுவதும் தவறு. துணிவும் உடல் வலிவும் உடையவரே பெரும்பாலும் ஊரை விட்டுப் புறப்படுகின்றனர். அமெரிக்காவில் நடந்த பல ஆய்வுகளில், அந்நாட்டிற் பிறந்தோரைக் காட்டிலும் புதிதாக வந்து குடியேறியோரிடம் மனநோய்கள் குறைவாகவே காணப்பட்டன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வேறுபாடு குறைந்தது. ஆகவே வெளியூராரை இரக்கத்துக்குரிய கூட்டமாகவோ, எதையும் தாங்கும் இரும்பு மனிதராகவோ கருதாமல், தனித்தனி மனிதராகக் கருதிக் கேட்பதே முறை.

உள்ளூராரிடம் மறையும் வழி

வெளியூராரை அறிந்தவர் இல்லை என்பது அங்குள்ள குறை. உள்ளூராரையோ அனைவரும் அறிவர். அதுவே இங்குள்ள குறை. உள்ளூர்ப் பெண்ணொருத்தி ஆறு மாதமாக எவரோடும் பேசாதிருந்தால், 'அவள் தாயும் அப்படித்தான்' என்று தெரு சொல்லிவிடும். பள்ளி இறுதி வகுப்பில் முதல்வனாக இருந்த மகன் படுக்கையை விட்டு எழாவிட்டால் 'சோம்பேறி' என்று வீடு தீர்ப்பளிக்கும். ஓய்வு பெற்ற தந்தை உணவை வெறுத்தால் 'வயதாகிவிட்டது' என்பர். மாறுதலைக் காணும் கண்கள் ஆயிரம் இருந்தும், ஒவ்வொரு கண்ணும் அதற்கு ஒரு பழைய பெயரைச் சூட்டி முடித்து விடுகிறது.

மேலும், உள்ளூராருக்கு வெட்கம் மிகுதி. புனேவில் எரவாடா என்றாலே மனநோய் மருத்துவமனை பலர் நினைவுக்கு வரும். அது நாட்டின் மிகப் பெரிய மனநல மருத்துவமனைகளுள் ஒன்று. கடுமையான நோயுற்ற பல்லாயிரவர்க்கு அது புகலிடமாக இருந்துள்ளது. எனினும் அதன் பெயரே ஏளனச் சொல்லாக வழங்குவதை அந்நகரத்தார் அறிவர். சென்னையில் கீழ்ப்பாக்கத்தின் பெயரும் இவ்வாறே ஆயிற்று என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. திருமணத்துக்குரிய பெண் இருக்கும் வீட்டில், மனநல மருத்துவரிடம் சென்றதை மறைக்கவே முயல்வர். வெளியூரானுக்குச் சொல்ல ஆளில்லை. உள்ளூரானுக்குச் சொன்னால் ஊரெல்லாம் தெரிந்துவிடும். முடிவு ஒன்றே: ஏட்டில் இருவரும் இல்லை.

ஆய்வுகள் காட்டுவது

இந்திய அரசாங்கத்தின் சார்பில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில், 34,802 வயது வந்தோரிடம் விசாரித்தனர். இருபதில் ஒருவர் தம் வாழ்நாளில் என்றேனும் மனச்சோர்வு நோயுற்றவர் என அறியப்பட்டது. நோயுற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் சிகிச்சை பெறவில்லை. மராட்டிய மாநிலம் அவ்வாய்வில் இடம்பெறவில்லை. எனினும் இக்குறை மாநில எல்லையில் நின்றுவிடக் கூடியதன்று.

மற்றோர் ஆய்வு நம் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. உலக சுகாதார ஸ்தாபனம் 14 நாடுகளில் பொது மருத்துவரிடம் வந்தோரை ஆராய்ந்தது. பெங்களூரும் அம்மையங்களுள் ஒன்று. அதன் விவரங்கள் 1999ஆம் ஆண்டில் வெளியாயின. மனச்சோர்வு நோயுற்றிருந்த 1,146 பேருள் நூற்றுக்கு 69 பேர், மருத்துவரிடம் தாமாகச் சொன்னவை உடல் உபாதைகள் மட்டுமே. ஆனால் மனநிலையைப் பற்றி நேராகக் கேட்டபோதும் 'இல்லை' என்று மறுத்தவர் நூற்றுக்கு 11 பேரே. மருத்துவரோடு தொடர்ந்த பழக்கம் இல்லாத மையங்களில்தான் உடல் உபாதையை மட்டும் சொல்லும் வழக்கம் மிகுதியாக இருந்தது என்பதும் அதில் தெரிய வந்தது. ஊர் விட்டு ஊர் செல்வோர்க்குப் பழகிய மருத்துவர் ஏது?

இவ்விரு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. மக்கள் மறைக்கின்றனர் என்று நாம் குறை கூறுகிறோம். அவர்கள் மறைப்பதைவிட, நாம் கேளாதிருப்பதே பெரிது.

படிவத்தில் உள்ளதும் இல்லாததும்

ஆஷா பணியாளர் வீடுதோறும் நிரப்பும் தொற்றா நோய்ப் படிவத்தில் இதற்கென இரண்டு கேள்விகள் சேர்க்கப்பட்டுள்ளன. கடந்த இரண்டு வாரங்களில் எச்செயலிலும் விருப்பமோ மகிழ்ச்சியோ இல்லாதிருந்ததா? மனம் தளர்ந்து, நம்பிக்கை இழந்திருந்தீர்களா? ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' என்பது முதல் 'ஏறத்தாழ நாள்தோறும்' என்பது வரை நான்கு விடைகள். அவற்றுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண்கள். குறித்த அளவைக் கடந்தவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஏற்பாடு நல்லதே. ஆயினும் இரண்டு குறைகள் உள்ளன. அப்படிவம் 30 வயதுக்கு மேற்பட்டோர்க்கென அமைந்தது. கட்டடப் பணிக்கும் படிப்புக்கும் புனே வருவோருள் பெரும்பகுதியினர் அவ்வயதை எட்டாதவர்கள். அது வீடுதோறும் நிரப்பப்படுவது. தகரக் கொட்டகையும் விடுதி அறையும் கரும்பு வயலோரக் குடிசையும் எவருடைய வீட்டுப் பட்டியலிலும் எளிதில் இடம்பெறுவதில்லை. மூன்றாவதாக ஒன்றுண்டு, அது படிவத்தின் குறையன்று, நம்முடையது. மாமியார் அருகில் நிற்க, மருமகளிடம் இக்கேள்விகளைக் கேட்டு 'இல்லை' என்று எழுதிக்கொண்டு போவது விசாரணையாகாது.

சில ஆட்சேபங்கள்

வறுமையே காரணமாக இருக்கும்போது கேள்வி கேட்டு என்ன பயன் என்று சிலர் வினவுவர். கூலியும் குடியிருப்பும் சீர்பட வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. ஆனால் கெட்ட நீரால் வயிற்றுப்போக்கு வருகிறது என்பதற்காக, நீர் சீர்படும் வரை நோயாளிக்கு மருந்தளிக்காமல் இருக்கிறோமா?

மனநல மருத்துவர் இல்லாத நாட்டில் நோயைக் கண்டுபிடித்து யாரிடம் அனுப்புவது என்பது இரண்டாவது ஆட்சேபம். நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் கூட இல்லை என்பது உண்மையே. ஆயினும் இந்நோய்க்கு எல்லா நிலையிலும் மனநல மருத்துவரே வேண்டும் என்பதில்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் பட்டம் பெறாத, ஆனால் முறையாகப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஆறு முதல் எட்டு முறை சந்தித்துப் பேசியதால், கடுமையான மனச்சோர்வுற்றோரும் வழக்கமான கவனிப்புப் பெற்றோரைவிட நன்கு குணமடைந்தனர் என்பது 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின் முடிவு. அதே ஆண்டில் வெளியான விதர்பாக் கிராமங்களின் ஆய்வு, ஊர்ப் பணியாளர் முயற்சியால் மனச்சோர்வுற்றோருள் உதவி நாடியவர் தொகை நூற்றுக்கு 4.3இலிருந்து 27.2ஆக உயர்ந்ததைக் காட்டியது. புனேவின் ஐ.எல்.எஸ். சட்டக் கல்லூரியைச் சார்ந்த மனநலச் சட்ட, கொள்கை மையம், 'ஆத்மீயதா' என்னும் பெயரில், நாசிக் மாவட்டக் கிராமங்களில் ஊராருள் சிலரையே தேர்ந்து பயிற்றுவித்து, மனம் வருந்துவோர்க்குத் துணை நிற்கச் செய்தது. பேசுவதே சிகிச்சையின் பாதி என்பதை இவை மெய்ப்பிக்கின்றன.

சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகுமே என்பது மூன்றாவது அச்சம். அவ்வாறு கேட்பதால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார். அத்தகைய எண்ணம் உண்டென்று ஒருவர் சொன்னால், அவரைத் தனியே விட்டுச் செல்லலாகாது. உடனே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும். மத்திய அரசாங்கம் 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் இயங்குகிறது, தமிழ், மராத்தி உட்பட இருபது மொழிகளுக்குக் குறையாமல் பேசலாம். புனேவிலுள்ள தமிழ் மூதாட்டிக்கும், சென்னைக்கு வந்துள்ள பீகார் இளைஞனுக்கும் வீட்டு மொழியிலேயே ஒரு செவி கிடைக்கிறது என்பது சிறு காரியமன்று.

களப்பணியாளரும் ஆசிரியரும்

களப்பணியாளருக்கு: தலைவலி, உடல் அசதி, நெஞ்சுப் பாரம், தூக்கமின்மை ஆகியவற்றுக்கு ஒருவர் மூன்றாம் முறை மாத்திரை கேட்டு வந்தால், 'மனம் எப்படி இருக்கிறது?' என்று தனியிடத்தில் கேளுங்கள். 'உங்களுக்கு மனநோயா?' என்று கேட்பதில் பயனில்லை. 'ராத்திரி தூக்கம் வருகிறதா அம்மா? முன்னே பிடித்த வேலை இப்பொழுதும் பிடிக்கிறதா?' என்று தொடங்கலாம். அவருடைய மொழி நமக்குத் தெரியாவிடில், அம்மொழி பேசும் வேறொருவரை அழைக்கலாம்; ஆனால் அவர் குடும்பத்தாராகவோ, மேஸ்திரியாகவோ, கணவருக்காகப் பேசும் சிறு மகளாகவோ இருத்தல் கூடாது. உள்ளூராரிடம் கேட்கும்போது, கேட்டது வெளியே போகாது என்னும் உறுதியை முதலில் அளியுங்கள், அவ்வுறுதியைக் காப்பாற்றுங்கள்.

ஆசிரியருக்கு: குழந்தையின் மனச்சோர்வு அழுகையாகவே வெளிப்படும் என்பதில்லை, எரிச்சலாகவும், வயிற்று வலியாகவும், படிப்பில் திடீர் வீழ்ச்சியாகவும் தோன்றலாம். சிலவேளை நோய் குழந்தையினுடையதே அன்று. மூத்த பெண் குழந்தை வாரத்தில் மூன்று நாள் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவாளாயின், தாய் எழுந்திருக்க இயலாத நிலையில் இருக்கிறாளா என்று விசாரிக்க வேண்டும். நடு ஆண்டில் வந்து சேரும் மாணவனின் பழைய இயல்பை அறிய நமக்கு வழியில்லை. மராட்டிய மாநிலத்தில், இடம்பெயரும் மாணவர்க்குக் கல்வி உறுதி அட்டை வழங்கும் முறை வகுக்கப்பட்டது. அத்தகைய அட்டைகளில், 'கலகலப்பாகப் பேசுபவன்', 'கபடியில் ஆர்வமுடையவன்' என்று இயல்பைக் குறிக்கும் ஒரு வரியை முந்திய ஆசிரியர் எழுதியனுப்பினால், புதிய ஆசிரியர் ஒப்பிட்டு அறிய ஏதுவாகும். நோயின் பெயரை அதில் எழுதலாகாது; இயல்பை மட்டும் எழுதினால் போதும்.

துறைகள் செய்ய வேண்டியதும் உண்டு. இவ்விரு கேள்விகளையும் 18 வயது முதற்கொண்டு கேட்க வழி செய்ய வேண்டும். வீட்டுப் பட்டியலோடு பணியிடம், விடுதி, ஆலைப்புறம் ஆகியவற்றையும் பணியாளரின் வட்டத்தில் சேர்க்க வேண்டும். வெளியூரார் எத்தனை பேர், உள்ளூரார் எத்தனை பேர் எனக் கண்டறியப்பட்டோரைப் பிரித்து எண்ணும்போது, இரு சாராருள்ளும் எத்தனை பேரிடம் கேட்கப்பட்டது என்பதையும் அருகில் எழுத வேண்டும். இரண்டாவது எண் இல்லாத முதல் எண்ணால் எதையும் நிரூபிக்க இயலாது. வெளியூராரிடம் நோய் குறைவு என்று ஓர் அறிக்கை கூறுமாயின், அவர்களுள் எத்தனை பேரை எந்த மொழியில் கேட்டீர்கள் என்று நாம் வினவ வேண்டும். உள்ளூராரிடம் குறைவு என்று கூறுமாயின், எவர் எதிரில் நின்றபோது கேட்டீர்கள் என்று வினவ வேண்டும்.

இந்நோய் பெரும்பாலும் தீரக்கூடியது. பேச்சாலும், தேவைப்படின் மருந்தாலும் மக்கள் மீண்டு தொழிலுக்கும் குடும்பத்துக்கும் திரும்புகின்றனர். அவர்கள் மருத்துவரை வந்தடைவதற்கு முன் கடக்க வேண்டிய வழியில் முதற்படி நம்முடைய கேள்வி. நாள்தோறும் நூறு முகங்களைக் காணும் பணியில் இருப்பவர்கள் நாம். அவற்றுள் ஐந்து முகங்களிடமேனும் அக்கேள்வியை அமைதியாகக் கேட்டு, விடை வரும் வரை காத்திருந்தால், ஏட்டில் எண்கள் உயரும். அவ்வுயர்வு கண்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை. அதுவரை தனியே வருந்தியவர்களை நாம் கண்டுகொண்டோம் என்பதே அதன் பொருள்.